சாம்பல் நிறக் காகிதம்

"உட்காருங்களேன்" என்று சொல்லிவிட்டு ஹரிமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூங்கில் திரைக்கு வெளியே, தோட்டத்துப் பனியில் நின்றிருந்த கானெயசு அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தார். பெரிய மனுஷர். சாவு விழுந்த வீட்டில் முப்பது நாளைக்குள் யார் வந்து உட்கார்ந்தாலும் தீட்டு ஒட்டிக்கொள்ளும், நின்றபடியே பேசி நின்றபடியே திரும்பிவிட்டால் ஒட்டாது என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஜப்பானியத் தலைநகரில் மன்னரிலிருந்து மாட்டுவண்டி ஓட்டுகிறவன் வரை எல்லோரும் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹரிமா தோழியாக இருந்த மகாராணி கண்ணை மூடி இருபத்திரண்டு நாள் ஆகிறது. இந்த இருபத்திரண்டு நாளும் துக்கம் கேட்க வந்தவர்கள் தோட்டத்தில் நின்றார்கள், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள், கால் வலித்ததும் துக்கம் தீர்ந்துபோய்க் கிளம்பினார்கள். அவர்கள் நின்ற இடமெல்லாம் பனியில் குழிகுழியாகக் கிடக்கிறது. உட்காரச் சொல்வது வாய்ப்பழக்கம். ஹரிமாவுக்கு எப்போதும் வாய்தான் முந்திக்கொள்ளும், மற்றதெல்லாம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இப்போதும் அந்த வாய் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தது. அவருடைய மூக்கு நுனி சிவந்திருப்பதைப் பற்றி ஒன்று தயாராகவே வந்து நின்றது. அதை விழுங்கினாள். இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பத்து நாளாகத் தெரியும். தினமும் காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், இல்லை, வேறு வண்டி என்றதும் மறுபடி எடுத்தாள்.

"மகாராணி கைப்பட எழுதினது எதுவா இருந்தாலும் குடுங்க" என்றார் கானெயசு. மகாராணி ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோதிலிருந்து அவர் வீட்டுக் காரியமெல்லாம் பார்த்தவர் இவர். "கடுதாசியோ, துண்டுச் சீட்டோ, எதுவானாலும் சரி. கூழாக்கி, புதுசாக் காகிதம் வார்த்து, அதுல புத்தரோட சூத்திரம் எழுதணும். நாப்பத்தொம்பதாம் நாளுக்குள்ள முடிஞ்சாகணும்." தெரிந்த வழக்கம்தான். செத்தவர் கையெழுத்து இருக்கும் காகிதத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்துக் கூழாக்குவார்கள். எவ்வளவு அலசினாலும் மை முழுக்கப் போகாது. காகிதம் சாம்பல் நிறத்தில்தான் வரும். அந்தச் சாம்பல் நிறத்தின்மேல் சூத்திரத்தை எழுதினால், செத்தவர் தன் கையாலேயே எழுதிய புண்ணியம். நாற்பத்தொன்பது நாள் உயிர் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுவே ஓர் இருட்டில் நடந்துகொண்டிருக்கும், ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு விளக்கு. "இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்தது?" என்று ஹரிமா கேட்டாள். "எட்டுச் சுருள் வேணும். ஒண்ணுக்குக்கூட வரல." "மன்னர்கிட்டேயிருந்து?" கானெயசு பனியைப் பார்த்தார். "தேடச் சொல்லியிருக்காராம்." தேடுவார்கள், தேடுவார்கள். புது மகாராணி வந்து மூன்று வருஷம் ஆகிறது. பழைய மகாராணியின் கடிதங்கள் எந்தக் கதவிடுக்கில் காற்றுக்கு அடைப்பாகச் செருகிக் கிடக்கின்றனவோ. "இன்னிக்கே வேணுமா? ரெண்டு நாள் தந்தீங்கன்னா..." என்று ஹரிமா இழுத்தாள். "நாளையிலேருந்து ஆறு நாளைக்கு வடக்குத் திசை ஆகாது. காகிதக் கூடம் வடக்கேதான் இருக்கு. இன்னிக்குப் போனாத்தான் உண்டு" என்றார் அவர். திசையும் சேர்ந்துகொண்டது. மனுஷர்கள் போதாது என்று திசையும். பார்த்து எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கட்டு இருக்கும் இடம் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். மகாராணியின் உடைப்பெட்டிக்குப் பின்னால், ஊதா நாடா போட்டுக் கட்டி, ஒரு சாண் உயரத்துக்கு இருக்கிறது. ஆறு வருஷத்து எழுத்து. மகாராணியின் அப்பா அமைச்சராக இருந்த காலத்தில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. அவர் பதவி போனதும் அத்தனையும் குப்பை. அந்த விண்ணப்பங்களின் வெள்ளை முதுகில்தான் ஹரிமா எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுவது என்று ஒரு திட்டமும் இல்லை. ஆண்கள் சீன எழுத்தில் வரலாறு எழுதினார்கள், பெண்கள் அழகான இளவரசர்களைப் பற்றிக் கதை எழுதினார்கள், காதலித்தவர்கள் ஐந்து வரியில் கவிதை எழுதினார்கள். இவள் இது எதுவுமில்லாமல், கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, பிடித்தது, எரிச்சல் மூட்டியது, இன்னார் தும்மியது என்று மனசுக்கு வந்ததை வந்தபடி எழுதினாள். வரிசை போட்டு எழுதினாள். தோன்றிய இடத்தில் நிறுத்தினாள். இப்படி யாரும் எழுதினதில்லையே என்று ஒருத்தி சொன்னாள், இரவல் வாங்கிப் போனாள், பிரதி எடுத்தாள், அவளிடமிருந்து இன்னொருத்தி. பிரதி எடுத்ததில் பாதி கொதாயூவின் கைவேலை. ஹரிமாவைவிட இரண்டு வயது மூத்தவள், முத்து முத்தாக எழுதுவாள், இந்த வீட்டில் ஓடிப்போகாமல் மிஞ்சிய ஒரே தோழி. இப்போது புது மகாராணியின் அந்தப்புரத்திலேயே அந்தப் பிரதிகளைப் படித்துச் சிரிக்கிறார்களாம். ஹரிமா என்ற பெயரே அதனால் ஏறியது. அதுகூட அவளுடைய பெயரில்லை, அவள் அப்பா எப்போதோ ஹரிமா மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தார், அவ்வளவுதான். அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, மகாராணி ஒருவர் தவிர. ஆக, எழுத்து போய்விடும் என்ற பயம் அவளுக்கு இல்லை. எழுத்து ஊர் முழுக்க இருக்கிறது. பயம் வேறு.

மகாராணி படுத்த படுக்கையான பிறகு இந்தக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாற்பது நாள் தலைமாட்டில் வைத்திருந்தார். இருமல் அடங்கும் நேரங்களில் தூரிகையைக் கேட்பார், எதற்கு என்று சொல்லமாட்டார். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் நாடாவைத் தானே கட்டித் திருப்பிக் கொடுத்தார். "படிச்சேன் ஹரிமா. நடுவுல நடுவுல நானும் கொஞ்சம் எழுதியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அந்த முகத்தில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை, ஜுரம் மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து ஹரிமா அந்த நாடாவைத் தொடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். துக்கம் ஆறட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா, துக்கமாவது ஒன்றாவது, பயம். ஊரே மெச்சிய எழுத்தை ஒருத்தர் நாற்பது நாள் படுத்துக்கொண்டு, சாகப்போகிற கண்ணால், ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். அந்தக் கண்ணுக்கு முன்னால் தன்னுடைய வேடிக்கைகள் எப்படி நின்றிருக்கும்? படிக்காமலே கொடுத்துவிடலாம். நாடாவோடு தூக்கிக் கொடுத்துவிட்டால் கூழோடு கூழாகப் போகும், என்ன எழுதினார் என்று ஒருநாளும் தெரியவேண்டியதில்லை. அது எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. வெளியே கானெயசு இருமினார். அவள் உட்கார்ந்து நாடாவை இழுத்தாள்; குளிரில் விரல் மரத்துப்போய் முடிச்சு சிக்கிக்கொண்டது, பல்லால் கடித்து இழுத்தாள்.

முதல் தாளிலேயே இருந்தது. ஓரத்தில் அல்ல, அவளுடைய வரிகளுக்கு இடையில், வரியோடு வரியாக, பொடி எழுத்தில். கூரை ஒழுகிய நாளைப் பற்றி ஹரிமா எழுதியிருந்தாள்: ஐந்து இடத்தில் ஒழுகியது, ஐந்து கிண்ணம் வைத்தோம், ஐந்தும் ஐந்து குரலில் பேசின, மகாராணி ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு தோழியின் பெயர் வைத்தார், அதிகம் பேசிய கிண்ணத்துக்கு என் பெயர். இந்தப் பகுதிக்கு ஊரெல்லாம் சிரித்தது. அதன் நடுவே மகாராணி எழுதியிருந்தார்: "நான் பெயர் வைக்கவில்லை. நீதான் வைத்தாய். படுக்கை நனைந்திருந்தது." ஹரிமா அடுத்த தாளை எடுத்தாள். சட்டென்று மனசைத் தூக்கிவிடுபவை என்று ஒரு வரிசை. அதில் நான்காவது, மழை இரவில் தெருமுனையில் திரும்பும் வண்டியின் சத்தம். நடுவே: "அந்த வண்டி பக்கத்து வீட்டுக்குப் போனது." மன்னர் ஒருநாள் இந்த வீட்டுக்கு வந்துபோனது இரண்டு தாள் நீளம், அவர் சட்டைக்கையின் வாசனை, புது மிதியடியைப் பற்றி ஹரிமா அடித்த கிண்டல், அவர் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு தாளுக்கும் சேர்த்து மகாராணி ஒரே வரி எழுதியிருந்தார். "அவர் உட்காரவில்லை." உட்காரவில்லைதான். அன்றைக்கு இந்த வீட்டில் சாவும் இல்லை, தீட்டும் இல்லை. திண்டு போட்டு வைத்திருந்தது, அவர் நின்றபடியே சிரித்துவிட்டுப் போனார், அதை அவள் கண்ணால் பார்த்தாள், பார்த்துவிட்டு மிதியடியைப் பற்றி எழுதினாள். பிறகு நிலாப் பார்த்த இரவு. அல்லிக்குளம், மது, ஒரு கிழட்டு அதிகாரி தவறிக் குளத்தில் விழுந்தது. மகாராணி எல்லோரையும்விட அதிகம் சிரித்தார் என்று முடித்திருந்தாள். அந்த முடிவுக்குக் கீழே: "நீங்கள் சிரிப்பது கேட்டது. நான் உள்ளே இருந்தேன். என்னைக் கூப்பிடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் அங்கே இல்லையா? இல்லை என்று இப்போது ஞாபகம் வந்தது. தலைவலி என்று உள்ளே படுத்தார். மறுநாள் எழுதும்போது ஹரிமா அவரைக் குளக்கரையில் உட்காரவைத்தாள், ஏனென்றால் மகாராணி சிரிக்காமல் அந்தப் பகுதி முடியாது, சப்பென்று இருக்கும். அவ்வளவுதான் காரணம். உண்மையான மகாராணி உள்ளே படுத்திருக்க, எழுத்தில் ஒரு மகாராணியைச் செய்து சிரிக்க விட்டாள், பிறகு அந்தச் செய்த மகாராணியையே நம்ப ஆரம்பித்தாள்; ஆறு வருஷம் அவரோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறாள். தாள்களைத் திருப்பத் திருப்ப அதேதான். கோபமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒரு திட்டு, ஒரு குத்தல் இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பிக்கலாம். இல்லை. குளிர்ந்தது, பசித்தது, யாரும் வரவில்லை, அன்று என் பிறந்தநாள், இப்படித்தான் இருந்தது. ஓர் உவமை இல்லை. ஹரிமா பத்து வரியில் ஜோடனை செய்த இடத்தில் அவர் நாலு வார்த்தையை வைத்துவிட்டுப் போயிருந்தார், அந்த நாலு வார்த்தை பக்கத்தில் இவளுடைய பத்து வரியும் பொட்டும் பூவுமாக இளித்தது. மனசுக்கு வந்ததை வந்தபடி எழுதுகிறவள் என்று பேர் வாங்கியது யார், எழுதியது யார். கடைசிக்கு முந்தைய தாள்களில் எழுத்து கோணிக்கொண்டு சரிந்தது. பிறகு நாலு தாளில் ஒன்றுமில்லை. நின்றுபோன இடத்தில், "மீதி நாளைக்கு" என்றிருந்தது.

"என்னடி செய்யறே உள்ளே?" கொதாயூ எட்டிப் பார்த்தாள். "பாவம், அவர் பனியில நிக்கறார். கால் மரத்துப்போயிருக்கும்." ஹரிமா தாள்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "இதைப் பிரதி எடுக்க எத்தனை நாள் ஆகும் உனக்கு?" "இந்தக் கட்டையா? இதுதான் என்கிட்டயே இருக்கே. எதுக்கு மறுபடி?" என்று கேட்டுவிட்டுக் கணப்புச் சட்டிக்குக் கரி கொண்டுவரப் போய்விட்டாள். இதுதான் இவளிடமே இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கிறது. கிண்ணங்கள் இருக்கின்றன, மிதியடி இருக்கிறது, குளக்கரையில் சிரிக்கும் மகாராணி இருக்கிறார். இல்லாதது இந்தப் பொடி எழுத்துதான். கத்தரித்து எடுக்கலாமா என்று பார்த்தாள். முடியாது, வரிக்குள் வரி, இவள் சொல்லை வெட்டாமல் அவர் சொல்லை எடுக்க முடியாது, எடுத்தாலும் வேண்டியது அவர் சொல்தான், காகிதக் கூடத்துக்கும் அதுதான் வேண்டும், இவளுக்கும் அதுதான் வேண்டும். வைத்துக்கொண்டால்? வைத்துக்கொண்டால் உள்ளபடி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு சான்று மிஞ்சும், ஆனால் அவர் இருட்டில் நடப்பார். கொடுத்துவிட்டால் அவருக்கு வெளிச்சம், ஆனால் ஊரில் மிஞ்சப்போவது ஹரிமா செய்த பொம்மை மகாராணி. இதுவரைக்கும் சரி, இதுவரைக்கும் இது ஒரு நல்ல பெண்ணின் சங்கடம். ஆனால் இதற்கு அடியில் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது, அதை ஹரிமா பார்த்துவிட்டாள். கொடுத்துவிட்டால் அவள் பொய் சொன்னது யாருக்கும் தெரியாது. புண்ணியமும் அதே பக்கம், தன் மானமும் அதே பக்கம். எந்தக் கை இந்தக் கட்டைத் தூக்கிக் கொடுக்கப்போகிறது? பக்தியுள்ள கையா, திருட்டுக் கையா? கொடுக்காமல் இருந்தால் மட்டும் யோக்கியமா? மகாராணியின் உயிரைப் பணயம் வைத்துத் தன் மனச்சாட்சிக்கு ஒப்பனை செய்கிற வேலைதானே அதுவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹரிமாதான் நின்றாள். இந்த வீட்டில் ஹரிமாவைத் தவிர வேறு யாருமே இருந்ததில்லை போலிருக்கிறது.

கட்டோடு திரைக்கருகே வந்தாள். "கானெயசு, ஒண்ணு கேக்கறேன். இது இல்லேன்னா என்ன செய்வீங்க?" அவர் கையைச் சட்டைக்குள்ளிருந்து எடுக்காமலே யோசித்தார். "வெள்ளைக் காகிதத்துல எழுதச் சொல்லுவேன். அவங்க கைபடாத காகிதம். அது அவங்களுக்குப் போய்ச் சேருமான்னு எனக்குத் தெரியாது." கால் மாற்றி நின்று, "சின்ன வயசுல அவங்களுக்கு இருட்டு ஆகாது. விளக்கு அணைஞ்சா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. எந்த நேரமானாலும் போய் நிப்பேன்" என்றார். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கூப்பிட்டதும் போய் நின்ற ஒரு மனுஷர். ஹரிமா கட்டைத் திரைக்கு அடியில் தள்ளினாள். தள்ளிய கை எது என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. சாவு வீட்டுக் காகிதத்துக்குத் தீட்டில்லையா என்று ஒரு கேள்வி வரும். தண்ணீரில் ஊறப்போவதால் இல்லை என்று யாரோ பண்டிதர் ஏற்கனவே தீர்த்து வைத்திருந்தார். கானெயசு இரண்டு கையிலும் வாங்கிக் கனம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நாலு சுருள் வரும். நாலுக்குக் குறையாது. ஆனா இதுல உங்க எழுத்துமில்ல சேர்ந்து போகுது?" "அது எல்லார்கிட்டயும் இருக்கு" என்றாள் ஹரிமா. அவர் நின்றபடியே தலை வணங்கினார். பனியில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து வாசலுக்குப் போனார். வண்டி வடக்கே திரும்புகிற சத்தம் கேட்டது.

சத்தம் ஓய்வதற்கு முன்பே அவள் மை உரைக்கும் கல்லை இழுத்தாள். தண்ணீர் உறைந்து கிடந்தது, கணப்பின்மேல் பிடித்து இளக்கினாள், அவசரம், அவசரம், மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும், எல்லாம் வேண்டாம், நாலு வரி போதும், மூன்று போதும். படுக்கையைப் பற்றி ஒன்று சொன்னாரே, நனைந்தது என்றாரா, ஈரம் என்றாரா? வண்டி போனது, எங்கே போனது என்று எழுதியிருந்தார்? ஒன்றை எட்டிப் பிடிக்கப் போனால் இன்னொன்று நழுவியது. தன்னுடைய வரிகள் மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவில் வரிசை கட்டி நின்றன. நிலாப் பார்த்த இரவு. அது மறக்காது, அதை மட்டுமாவது. உள்ளே இருந்தேன் என்றார். கூப்பிடுவீர்கள் என்று. ஹரிமா தூரிகையைத் தோய்த்து எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். "நிலா எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தது, என் பெயரை மட்டும் மேகத்தில் தவறவிட்டது" என்றிருந்தது. அடித்தாள். அப்படியல்ல. வெறுமனே, வெறுமனே எழுது. மறுபடி எழுதினாள். "அவர்களுடைய சிரிப்பு திரையைத் தாண்டி வந்து என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தது, நான்தான் போகவில்லை." கை தானாக ஓடியது. எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் கடைசிச் சொல்லில் ஒரு குழைவு வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது தடவை எழுதும்போது மகாராணி சொன்ன வார்த்தைகள் எவை என்பதே கலைந்துபோயிற்று. கண்ணில் நீர் வழிந்தது, அதையும் ஒரு கண் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, இதை எப்படி எழுதலாம் என்று.

கொதாயூ கரியைக் கொட்டிவிட்டு, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து தாளைப் படித்தாள். ஒருமுறை மனசுக்குள், ஒருமுறை வாய்விட்டு. இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்பாடா. நீ எழுத உட்கார்ந்துட்டே. இனிமே எழுதவே மாட்டியோன்னு பயந்துபோயிருந்தேன்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நீவி, பிரதி எடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேர் போடாமக் குடுத்தாக்கூட இது யாரோடதுன்னு தெரிஞ்சிடும். உன்னோடதுதானே?"

"ஆமாம்" என்றாள் ஹரிமா. "என்னோடதுதான்."